கச்சோலம் காணாமல் போனால்: மரநிழல் தரைப்போர்வைக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

மரத்தடியில் புல் வராது. வந்தாலும் நிற்காது. அந்த இடத்துக்கு என்றே நம் பக்கத்துக் காடுகளில் ஒரு செடி உண்டு: கச்சோலம். இஞ்சிக் குடும்பம். வெளியே தெரிகிற தண்டு கிடையாது. கிழங்கிலிருந்து நேராக இரண்டு மூன்று இலைகள் கிளம்பி, பந்தியில் இலை போட்ட மாதிரி மண்ணோடு படிந்துவிடும். படிந்த இலைக்கு அடியில் களை தலைதூக்காது, மழைத்துளி விழுந்து மண் தெறிக்காது. கேரளத்தில் தென்னந்தோப்புகளில் இதை ஊடுபயிராகவே சாகுபடி செய்கிறார்கள். நிழல் இதற்குப் பழகிப்போன ஒன்று என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியும் இந்தச் செடியைப் பற்றிப் புலம்பல்கள் நிறைய. பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான்: நம் தண்ணீர்க் குழாய்க்குப் பருவம் கிடையாது, கச்சோலத்துக்கு உண்டு. நான் முதன்முதலில் நட்ட பாத்தி தை மாதம் வெறும் மண்ணாகிவிட்டது. காய்ந்துபோகிறதே என்று காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன், போதாததற்குச் சாணிப்பால் வேறு ஊற்றினேன். மாசிக் கடைசியில் தோண்டிப் பார்த்தால் கிழங்கு இருந்த இடத்தில் பழுப்பு நிறக் கூழ். செடி தூங்கிக்கொண்டிருந்தது, எழுப்புகிறேன் என்று மூழ்கடித்தவன் நான்.

ஆகவே எந்த அறிகுறியானாலும் முதல் கேள்வி: இது எந்த மாதம்?

வைகாசி, ஆனியில் முதல் மழைகளோடு முளை வரும். ஆடி முதல் ஐப்பசி வரை இலை விரிந்து நிற்கும், இடையில் பூக்கும். கார்த்திகை, மார்கழியில் இலை பழுத்துக் காயும். தையிலிருந்து சித்திரை வரை மண்ணுக்கு மேல் ஒன்றுமே இருக்காது. சாகுபடிக் கணக்கிலும் நட்டு ஏழு எட்டு மாதத்தில் இலை காய்ந்ததும் அறுவடை. உங்கள் ஊர் மழையைப் பொறுத்து இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகலாம், வரிசை மாறாது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

செடியே காணோம், வெறும் மண்தான் இருக்கிறது

தை முதல் சித்திரைக்குள் என்றால் பயப்பட வேண்டாம், ஆனால் ஒருமுறை சரிபார்த்துவிடலாம். பாத்தியின் ஓரத்தில் ஒரு கிழங்கை மட்டும் விரலால் கிளறி வெளியே எடுங்கள். கட்டை விரலால் அழுத்துங்கள். உருளைக்கிழங்கு போலக் கெட்டியாக இருக்க வேண்டும். தோலை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், கற்பூரமும் இஞ்சியும் கலந்தாற்போல் ஒரு வாசம் உடனே மூக்கில் ஏறும். இது உயிருள்ள கிழங்கு. எடுத்த இடத்திலேயே வைத்து மண்ணை மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்விடுங்கள்.

அழுத்தினால் அமுங்குகிறது, உள்ளே பழுப்பாக இருக்கிறது, புளித்த நாற்றம் வருகிறது என்றால் அது தூக்கம் இல்லை. கீழே அழுகல் பகுதிக்குப் போங்கள். கிழங்கு சுருங்கி, நார் நாராக, தக்கை போல லேசாக இருந்தால் அது வறட்சியில் போனது. மணற்பாங்கான மண்ணில், மூடாக்கு இல்லாமல், கோடை வெயில் நேராக விழுகிற இடத்தில்தான் இப்படி ஆகும்.

தூங்குகிற கிழங்குக்குத் தண்ணீர் வேண்டாம். மேலே மூன்று நான்கு விரற்கடை உதிர்ந்த இலை போட்டு வையுங்கள், அது போதும். ஒவ்வொரு கொத்துக்குப் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு வைப்பது நல்லது. இல்லாவிட்டால் பங்குனி மாதம் யாராவது வந்து, இங்கே சும்மாதானே கிடக்கிறது என்று களைக்கொட்டால் கொத்திவிடுவார்கள். எங்கள் வீட்டில் இது இரண்டு முறை நடந்தது. ஒருமுறை கொத்தியது நானேதான்.

நான்கு மாதம் வெறும் தரையாகக் கிடப்பது கண்ணை உறுத்துகிறது என்பவர்கள் ஊடே வல்லாரை நடுகிறார்கள். செய்யாதீர்கள். வல்லாரைக்குக் கோடையிலும் ஈரம் வேண்டும், கச்சோலத்துக்கு அதே ஈரம் விஷம். ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைக் கொல்வீர்கள். வல்லாரைக்குத் தண்ணீர் தேங்குகிற பள்ளம், கச்சோலத்துக்கு மேடு என்று பிரித்து வையுங்கள். வருஷம் பூராவும் பச்சையாகத்தான் வேண்டும் என்றால், வெளிப்படையாகச் சொல்கிறேன், இது உங்களுக்கான செடி இல்லை. கோடையில் சருகும் மழைக்காலத்தில் பச்சையுமாக இருப்பதுதான் காட்டுத் தரை. அதை ரசிக்க முடிந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

மழை பெய்துவிட்டது, முளை வரவில்லை

ஒரு மழைக்கே எல்லாம் கிளம்பிவிடாது. ஒரே பாத்தியில் ஒரு கொத்து ஆனி முதல் வாரத்தில் வரும், பக்கத்துக் கொத்து மூன்று வாரம் கழித்து வரும். ஆனி முடிந்தும் அசைவில்லை என்றால் கிளறிப் பாருங்கள்.

பெரும்பாலும் ஆழம்தான் தகராறு. கிழங்கு 4, 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் போதும். அரை அடிக்குக் கீழே புதைத்தால், அதுவும் களிமண்ணில், முளை மேலே வருவதற்குள் சோர்ந்துவிடும். நடும்போது சரியான ஆழத்தில் நட்டு, பிறகு வருஷா வருஷம் மேலே மண்ணும் மட்கும் கொட்டிக்கொண்டே போனாலும் இதே கதிதான்.

அடுத்தது மூடாக்கு. பலா இலை, வாதுமை இலை மாதிரி அகலமான தடித்த இலைகள் மழையில் நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டி அட்டை போல் ஆகிவிடும். அதன் அடியில் முளை வெளிறி, வழி தேடிப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். கையால் கலைத்து, கொஞ்சம் கிழித்துப் போடுங்கள். இரண்டே நாளில் வெளியே வரும். வேம்பு, புளி போன்ற பொடி இலைச் சருகில் இந்தத் தொல்லையே இல்லை.

புதிதாக நட்ட கிழங்கு முளைக்கவில்லை என்றால் துண்டில் கண் இருந்ததா என்று யோசியுங்கள். வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் ஒரு நல்ல முளைக்கண்ணாவது இருக்க வேண்டும். வெட்டிய உடனே நடாமல் நிழலில் இரண்டு நாள் வைத்து வெட்டுவாய் காய்ந்த பிறகு நடுவது பாதுகாப்பு. மருந்துக்கென்று சீவிக் காயவைத்த கச்சோலத்தை நட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. அது முளைக்காது, விட்டுவிடுங்கள்.

மழைக்காலத்தின் நடுவிலேயே இலை மஞ்சளாகிறது

இங்கேதான் நிதானம் வேண்டும். மஞ்சள் என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, நாலைந்து கோளாறுக்கும் அதே நிறம்தான். கார்த்திகையில் வந்தால் இயல்பு. ஆடி, ஆவணியில் வந்தால் விசாரிக்க வேண்டும்.

குனிந்து உட்கார்ந்து, மஞ்சளான ஒரு இலையை நுனியில் பிடித்து மெதுவாக இழுங்கள். இலை வர மறுத்து, கையில் கிழிந்தால் அடி நன்றாக இருக்கிறது. வெண்ணெயில் சொருகிய கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்தால் அடிப்பகுதியைப் பாருங்கள். நீரில் ஊறியது போல் கண்ணாடித்தன்மையோடு, பழுப்பேறி, நாற்றத்தோடு இருக்கும். அதே இலையின் நுனி இன்னும் பாதிப் பச்சையாகவே இருக்கும். இயல்பாகப் பழுக்கிற இலை இப்படி இருக்காது. அது நுனியிலும் விளிம்பிலும் தொடங்கிக் காகிதம் போலக் காய்ந்து, அடிவரை உலர்ந்த பிறகுதான் பிரியும்.

வழுக்கிக்கொண்டு வந்தால் அது கிழங்கழுகல். தனிச்செடியாக நிற்காமல் வட்டமாகவோ, தண்ணீர் ஓடுகிற திசையிலோ பரவும். பாத்தியைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மழைநீர் போன வழி அப்படியே மஞ்சள் கோடாகத் தெரியும்.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில். முதலில் தண்ணீர் வெளியேற வழி வெட்டுங்கள். மருந்தெல்லாம் பிறகுதான், தேங்கிய நீரில் எந்த மருந்தும் நிற்காது. அடுத்து, அழுகிய கொத்தையும் அதைச் சுற்றி ஒரு கைப்பிடி மண்ணையும் சேர்த்து வாரி எடுங்கள். மட்குக் குழியில் போடாதீர்கள், அடுத்த வருஷம் அந்த மட்கோடு நோயும் பாத்திக்குத் திரும்பி வரும். தோட்டத்துக்கு வெளியே ஆழமாகப் புதையுங்கள், அல்லது காயவைத்து எரியுங்கள். களைக்கொட்டையும் கையையும் கழுவிவிட்டுத்தான் அடுத்த பாத்திக்குப் போக வேண்டும்.

பிறகு, எடுத்த குழியிலும் சுற்றியுள்ள செடிகளின் அடியிலும் ஒரு சதவீத போர்டோ கலவை, அதாவது துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சணக்கொல்லி. வீட்டு அளவுக்கு: 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் நீற்றி, அதையும் அரை லிட்டராக்கி வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். மாற்றி ஊற்றக் கூடாது. வானநீலத்தில் ஒரு கலவை கிடைக்கும். துருவில்லாத இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலையைச் சுட்டுவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்த்து மறுபடி பாருங்கள். கத்தி சுத்தமாக வந்தால் சரி. அன்றைக்கே ஊற்றி முடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைத்தால் பலன் குறைந்துவிடும். இரும்பு, தகர வாளிகளைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

நோய்ப் பூஞ்சணத்தை அடக்குகிற உயிர் மருந்தான டிரைக்கோடெர்மா போடலாமா என்றால், போடலாம். ஆனால் அது வருமுன் காக்க. நடுவதற்கு முன் தொழுவுரத்தில் கலந்து வைத்துப் போட்டால் நன்றாக வேலை செய்யும். போர்டோ கலவையோடு சேர்த்து ஊற்றுவது வீண். துத்தம் பூஞ்சணத்தைக் கொல்லுவது, டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சணம்தான்.

வடிகால் மோசமா இல்லையா என்று சந்தேகம் இருந்தால் ஓரடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை மணிக்கு 2, 3 செ.மீ. கூட இறங்கவில்லை என்றால் அந்த மண்ணில் சமதரையில் கச்சோலம் நிலைக்காது. சாகுபடியில் ஒரு மீட்டர் அகலத்தில் 25 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுவது இதற்காகத்தான். தோட்டத்தில் அவ்வளவு கறாராகப் பாத்தி கட்ட வேண்டியதில்லை. தவளை முதுகு போல மெல்ல உயர்ந்து இறங்குகிற ஒரு மேடு இருந்தால் பார்க்கவும் அழகு, தண்ணீரும் நிற்காது.

கிழக்குக் கரை மாவட்டங்களில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தச் செடியின் ஒழுங்கு தென்மேற்குப் பருவமழையோடு எழுந்து, மழை ஓய்ந்ததும் அடங்குவது. நமக்கோ பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அதாவது இலை பழுக்கத் தொடங்குகிற, கிழங்கு உலர விரும்புகிற வேளையில். ஆனி, ஆடியில் நன்றாக இருந்த பாத்தி கார்த்திகைப் புயலில் போகிறது என்றால் காரணம் இதுதான். புரட்டாசிக் கடைசியிலேயே வடிகால் வாய்க்காலைத் தூர் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு தொழுவுரம், மட்கு எதுவும் போடாதீர்கள்.

இலை வழுக்கிக்கொண்டு வரவில்லை, ஆனாலும் மஞ்சள், செடியும் குன்றியிருக்கிறது. அப்போது ஒரு கொத்தைத் தோண்டி வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரின் நடுநடுவே கோணல்மாணலாக மணி கோத்தது போல முடிச்சுகள் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. இதில் ஏமாறுவதற்கு ஒரு இடம் உண்டு: கச்சோலத்தின் வேர்களில் சிலது இயல்பாகவே நுனியில் பருத்துச் சிறு கிழங்காகும். அது வழவழப்பாக, வெள்ளையாக, நீர் கோத்தது போல இருக்கும். அது செடியின் சேமிப்பு, அதை நோயென்று பிய்த்தெறிய வேண்டாம். நூற்புழு முடிச்சு சொரசொரப்பாக வேரின் உடலிலேயே இருக்கும். வேப்பம் பிண்ணாக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் மண்ணில் கலந்து விடுங்கள். ஒரே வருஷத்தில் போகாது, குறையும். செண்டுமல்லி நட்டால் நூற்புழு போகும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் செண்டுமல்லிக்கு வெயில் வேண்டுமே! மரத்தடியில் அதுவும் சேர்ந்து நோஞ்சானாகும்.

இதெல்லாம் ஒன்றும் இல்லை, எல்லா இலையும் சீராக வெளிறியிருக்கிறது என்றால் வெறும் பசிதான். சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ நன்றாக மட்கிய தொழுவுரம், முளை வருகிற சமயத்தில். பச்சைச் சாணம் வேண்டாம்.

இலை கருகுகிறது

எங்கே கருகுகிறது என்பதைப் பாருங்கள். இலையின் நடுவிலோ, ஒரே பக்கத்திலோ வெளுத்து, காகிதம் போல் ஆகி, பிறகு பழுப்பானால் வெயில். பிற்பகல் மேற்கு வெயில்தான் இதைச் செய்கிறது, காலை வெயில் ஒன்றும் செய்யாது. போன வருஷம் நன்றாக இருந்த இடத்தில் இந்த வருஷம் கருகினால் அண்ணாந்து பாருங்கள், யாரோ கிளையை வெட்டியிருப்பார்கள்.

எல்லா இலைகளிலும் விளிம்பு மட்டும் ஒரே சீராகப் பழுப்பாகி, மூத்த இலையில் அதிகமாகவும் இளைய இலையில் குறைவாகவும் இருந்தால் உப்பு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர், அல்லது ரசாயன உரம் கைதவறிக் கூடியது. மழைநீர் இரண்டு முறை நன்றாக இறங்கினால் மண் தானாகச் சரியாகும். கருகின விளிம்பு பச்சையாகாது. அடுத்த இலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நிழல் அளவு சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி. உச்சிவேளையில் பாத்திக்கு ஓரடி மேலே உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். விரல் விரலாகக் கூர்மையான நிழல் விழுந்தால் வெயில் அதிகம். கை இருக்கிறது என்று மட்டும் தெரிகிற மங்கலான நிழல் விழுந்தால் அதுதான் வேண்டும். நிழலே விழவில்லை என்றால் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

இலை தரையில் படியாமல் நிமிர்ந்து நிற்கிறது

இருட்டு, அல்லது நெருக்கம். கொத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றால் படிவதற்கு இடமில்லாமல் இலைகள் தூக்கிக்கொள்ளும். அது செழிப்பின் அடையாளம்தான், பிரித்து நட்டால் சரியாகும். இடைவெளி இருந்தும், ஒற்றை இலையாக மெலிந்து நீண்டு நின்றால் வெளிச்சம் போதவில்லை. மரத்தின் கீழ்க்கிளைகள் இரண்டைக் கழித்துவிடுங்கள். வடக்குச் சுவரை ஒட்டி, மேலே கூரையும் இருக்கிற இடம் என்றால் வேறு இடம் பாருங்கள். காட்டு நிழல் வேறு, கட்டிட நிழல் வேறு. காட்டில் இலை அசைய அசைய ஆயிரம் வெயில் பொட்டுகள் நாள் முழுக்கத் தரையில் நகர்ந்துகொண்டிருக்கும். சுவருக்கு அது தெரியாது.

எல்லா இடத்திலும் நன்றாக வருகிறது, மரத்தடியில் மட்டும் குட்டை

நிழலைக் குறை சொல்லாதீர்கள். பெரிய மரத்தின் சத்து உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணில்தான் இருக்கின்றன. கச்சோலம் இருப்பதும் அங்கேதான். பந்தியில் யானைக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்த கதை.

பலரும் செய்கிற தவறு, வேருக்கு மேலே ஓரடி உயரத்துக்குப் புது மண் கொட்டிப் பாத்தி கட்டுவது. மரத்தின் அடிப்பட்டையை மண் மூடினால் பட்டை ஈரத்தில் அழுகும், வேருக்குக் காற்றுப் போகாது. இரண்டு வருஷம் கழித்து மரத்துக்குக் கேடு வந்து நிற்கும்போது யாருக்கும் இந்தப் பாத்தி நினைவுக்கு வராது.

பதிலாக, அடிமரத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, பெரிய வேர்களுக்கு இடையே கை நுழைகிற பொந்துகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சட்டி அளவு மண்ணை எடுத்து, பாதிக்குப் பாதி இலைமட்குக் கலந்து, இரண்டு மூன்று கிழங்குகளாக நடுங்கள். பெருவிரல் தடிமனுக்கு மேல் இருக்கிற வேரை வெட்ட வேண்டாம், இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மழைக்காலத்தில் மழை ஒரு வாரம் தவறினால் இந்தப் பொந்துகளுக்கு மட்டும் தண்ணீர் கொடுங்கள். மரம் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும் என்பதால் மேல் மண் ஈரமாகத் தெரிந்தாலும் விரலை விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். யூகலிப்டஸ், மூங்கில் அடியில் நான் முயன்று தோற்றுவிட்டேன். மா, தென்னை, கொன்றை அடியில் நன்றாக வருகிறது.

மூன்று வருஷமாகியும் தரை மூடவில்லை

கச்சோலம் ஓடுகிற செடி இல்லை. வல்லாரை மாதிரிக் கொடி விட்டுக் கணுவுக்குக் கணு வேர் பிடிக்காது. கிழங்கு பெருத்துப் பெருத்து, கொத்துதான் மெல்ல அகலும். எனவே ஒரு முழத்துக்கு ஒன்று நட்டுவிட்டுப் பரவும் என்று காத்திருந்தால் இடையில் கோரைதான் பரவும். 20 செ.மீ.க்கு 15 செ.மீ. என்பது சாகுபடி இடைவெளி; ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 33 கிழங்கு. கையில் அவ்வளவு இல்லையென்றால் பெரிய இடத்தில் இறைக்காமல், சின்ன இடத்தில் நெருக்கமாகத் தொடங்குங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சித்திரைக் கடைசியில் கொத்தைத் தோண்டிப் பிரித்து வெளிப்பக்கமாக நட்டுக்கொண்டே போகலாம்.

நட்ட இடத்திலேயே நடுவில் வழுக்கை விழுந்து ஓரங்களில் மட்டும் இலை இருந்தால், கொத்து முதிர்ந்துவிட்டது, கிழங்கு கிழங்கின் மேல் ஏறி மண்ணுக்கு வெளியே தலை நீட்டுகிறது என்று அர்த்தம். அதற்கும் பிரிப்பதுதான் மருந்து. பிரிக்கும்போது கோரைக் கிழங்கு ஒன்றுகூட கச்சோலக் கொத்துக்குள் ஒளிந்துகொண்டு கூடவே போய்விடாமல் பாருங்கள். கறுப்பாக, கடலைப் பருப்பளவில், கம்பி போன்ற வேரில் தொங்கும். அதை ஒரு தடவை விட்டீர்கள் என்றால் அப்புறம் வருஷம் முழுக்கக் குனிந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

இலையில் ஓட்டை

நத்தை. இலை தரையிலேயே கிடப்பதால் அதற்கு ஏறி இறங்குகிற வேலைகூட இல்லை. காலையில் இலைமேல் வெள்ளி போலக் காய்ந்த வழித்தடம் தெரியும். இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதைவிடச் சிறந்த மருந்தை நான் இதுவரை பார்க்கவில்லை. ஈரச் சாக்கை மடித்து, அடியில் பப்பாளி இலை வைத்து மாலையில் போட்டால் விடியற்காலையில் அங்கேயே கூடியிருக்கும். வெறுங்கையால் எடுக்காமல் கையுறையோ, ஒரு கவரோ மாட்டிக்கொள்ளுங்கள். உப்பைத் தூவாதீர்கள், நத்தை சாகும், மண்ணும் சேர்ந்து கெடும். தடம் இல்லை, இலை சுருட்டி நூலால் கட்டியிருக்கிறது என்றால் புழு. சுருளைக் கிள்ளி நசுக்கினால் முடிந்தது.

பூக்கவே இல்லை

பூத்திருக்கும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இலைகளின் நடுவில், தரைமட்டத்தில், வெள்ளைப் பட்டாம்பூச்சி உட்கார்ந்தது போல, அடியில் ஊதா மை தொட்டு வைத்த மாதிரி இரண்டு பொட்டு. ஒரு நேரத்தில் ஒன்றோ இரண்டோதான் வரும், காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். ஆபீஸிலிருந்து சாயங்காலம் வந்து தேடினால் ஈரமான பட்டுத் துணுக்குப் போல ஏதோ ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி குடிக்கிற நேரத்துக்குப் போய்ப் பாருங்கள்.

வாங்கிவந்தது கச்சோலம்தானா?

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மேலே சொன்ன எதுவும் உங்கள் செடிக்குப் பொருந்தவில்லை என்றால் செடியே வேறாக இருக்கலாம். கெம்பீரியா என்ற பேரினத்தில் பல செடிகள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஆசியாவில் சுற்றிய ஜெர்மானிய மருத்துவர் எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபரின் நினைவாக வந்த பெயர் அது. கச்சோலத்துக்குக் கெம்பீரியா கலங்கா என்று லின்னேயஸ் பெயர் வைத்தது 1753-ல். நர்சரிகளில் மயில் இஞ்சி என்று தருவதும் இதே பேரினம்தான். ஆனால் இலையில் வெள்ளிக்கோடும் கரும்பட்டையுமாக மயிலிறகு போல வேலைப்பாடு இருக்கும், பூ இளம் ஊதா. நிழலுக்கு அதுவும் அழகான தரைப்போர்வைதான், ஆனால் நம் காட்டுச் செடி இல்லை, கிழக்கே தாய்லாந்துப் பக்கத்தது. இன்னொன்று, இலை வருவதற்கு முன்பே கோடைக் கடைசியில் வெறும் மண்ணிலிருந்து பூவை மட்டும் நீட்டும். பிறகு வருகிற இலை நிமிர்ந்து நிற்கும், அடிப்பக்கம் செவ்வூதாவாக இருக்கும். அது கெம்பீரியா ரொட்டுண்டா. மேலே, இலை நிமிர்ந்து நிற்கிறது என்ற பகுதிக்கு வந்தவர்கள் இலையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது.

பெயரை வைத்துச் சண்டை போட வேண்டாம். பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கச்சோலம் என்ற பெயர்களெல்லாம் ஊருக்கு ஊர் ஒன்றின் இடத்தில் ஒன்று போய் உட்கார்ந்துகொள்ளும். அகலமான, கோடில்லாத பச்சை இலை, தரையோடு படிந்தது. வெள்ளைப் பூவில் ஊதாப் பொட்டு. நகம் பட்டதும் கற்பூர வாசம். மூன்றும் இருந்தால் கச்சோலம். கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கஸ்தூரி, ரஜனி என்ற இரண்டு ரகங்கள் சாகுபடியில் இருப்பதால், கிழங்கு வேண்டும் என்பதற்காகக் காட்டில் போய்த் தோண்ட வேண்டிய அவசியமும் இல்லை. பயிர் செய்கிறவர்களிடம் மார்கழி, தையில் அறுவடை நேரத்தில் சொல்லி வைத்து வாங்கினால் கெட்டியான விதைக்கிழங்காகக் கிடைக்கும். நிழலில் உலர்ந்த மணலில் போட்டு வைத்து, வைகாசியில் முதல் கோடை மழை மண்ணை நனைத்த மறுநாள் நடுங்கள்.